இடமாற்றத்தில் வராத குரல்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு நான் ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கீழே டீக்கடையில் சீனியைக் கூடப் போட்டுவிட்டார்கள். வெளியே சாரல். மறுபடி மாடி இறங்கி ஏற மனமில்லாமல் அதையே குடித்தேன்.

அன்று விடுமுறை. டேட்டாபேஸைப் புதிய சர்வருக்கு மாற்றுவதற்காக நான் மட்டும் வந்திருந்தேன். நீங்கள் அந்த வேலையைப் பற்றித்தான் முதலில் கேட்டீர்கள், மேடம். அதிலிருந்தே சொல்கிறேன். ஒழுங்காகச் சொன்னால் உங்களுக்கும் எழுத வசதி.

என் பெயர் பால்வண்ணநாதன். ஊர் இலஞ்சி. கல்யாணம் ஆகவில்லை. பரீது பாயின் கம்பெனியில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறேன். பாய் பல வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பி இந்தத் தொழிலை ஆரம்பித்தார். போனிலும் கம்ப்யூட்டரிலும் இருப்பதைத் தொலையாமல் வைத்துக் கொடுப்பதுதான் தொழில். ஸ்டூடியோக்காரர்கள், பள்ளிக்கூடங்கள், ஒரு நகைக்கடை எங்களிடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் பாதிக்கு மேல், கணவன் வெளிநாட்டில் இருக்கும் பெண்கள். அவர்கள் போனில் எங்கள் ஆப் இருக்கும். வீட்டு வைஃபையில் போன் சேர்ந்ததும் புதிதாக வந்த படமும் குரலும் தானாக எங்களிடம் வந்துவிடும். போன் உடைந்தால், தொலைந்தால், திருப்பிக் கொடுப்போம்.

வருகிற கோப்பை நாங்கள் முழுசாக வைத்திருப்பதில்லை. துண்டு துண்டாக்கி, துண்டுக்கு ஓர் எண் போட்டு, மும்பையில் ஒரு கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த கிளவுடில் வைக்கிறோம். எண்ணைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. எந்தத் துண்டு எந்தக் கோப்பைச் சேர்ந்தது, அந்தக் கோப்பு யாருடையது என்பது டேட்டாபேஸுக்குத்தான் தெரியும். அது எங்கள் மாடி அறையில் ஒரு பழைய மிஷினில் இருந்தது. டேட்டாபேஸ் இல்லையென்றால் மும்பையில் கிடப்பவை விலாசம் எழுதாத பார்சல்கள்.

யாருக்கும் சொந்தமில்லாத துண்டுக்கும் வாடகை ஏறும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு துப்புரவு ஓடும். டேட்டாபேஸில் பெயர் இல்லாத துண்டுகளை அது அழித்துவிடும். அதை எழுதியவன் நான். இதுவரை ஒரு தவறும் செய்ததில்லை.

இவ்வளவும் தெரிந்தால் மற்றது புரியும்.

பேக்கப்பில் வைப்பது பெரிய காரியமில்லை. திரும்ப எடுத்தால் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை பாய் ஜும்மா தொழுகைக்குப் போகும் நேரத்தில் நான் அந்தச் சோதனையைச் செய்வேன். யாராவது ஒருவருடைய கோப்பை எடுத்து, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிட வேண்டும். திறக்கக் கூடாது. பாய் இதில் கண்டிப்பானவர். நான் சேர்ந்த அன்றே உட்காரவைத்துச் சொன்னார்.

"பாலு, இது அமானிதம். நம்மள நம்பிக் குடுத்து வச்சிருக்காங்க. ஒருத்தன் பொண்டாட்டிகிட்டப் பேசுனத நீ கேக்கப்பிடாது. கேட்டோம்னு வெளிய தெரிஞ்சா, தென்காசில எவனும் நமக்கு சலாம் சொல்ல மாட்டான். கடையப் பூட்டிட்டு நடையக் கட்டவேண்டியதுதான்."

எனக்கு அதில் மறுப்பு இல்லை. ஆனால் அளவை மட்டும் பார்த்தால் போதாது என்பது என் அனுபவம். அளவு சரியாக இருந்தும் உள்ளே கெட்டுப்போயிருக்கலாம். படத்தில் ஒரு மூலை போனால் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. குரல் அப்படியில்லை, ஒரு துண்டு கெட்டாலும் காதுக்குத் தெரிந்துவிடும். அதனால் குரலை எடுத்தேன். முதலில் கைக்கு வந்தது ஜாஹிரா பீவி என்ற வாடிக்கையாளரின் கணக்கு. குரல், வளைகுடாவில் வேலை பார்க்கும் அவர் கணவன் முஃபீதுடையது. அவனை அப்போது எனக்குத் தெரியாது.

"ஏட்டி, இந்தப் பய வச்ச மீன் கொழம்ப மோந்து பாத்துட்டு, ரூமுல இருந்த பூனையே வீட்ட காலி பண்ணிட்டுப் போயிருச்சு. நான் அதத் தின்னுட்டு வேலைக்குப் போறேன். எனக்கு எவ்வளவு தைரியம் பாரு."

சிரித்தேன். கோப்பு முழுதாக இருந்தது. சோதனை சரி என்று குறித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே கணக்கை எடுத்தேன். ஒரே கணக்கை வைத்துச் சோதிப்பதில் ஒரு வசதி உண்டு. ஏதாவது மாறினால் உடனே தெரியும். நாளடைவில் வெள்ளிக்கிழமை மட்டும் என்பது தினமும் என்றாயிற்று. சோதனை கூடினால் தவறு குறையும்.

மூன்று வருடம் அப்படிப் போயிற்று. அவனுக்குக் காய்ச்சல் வந்தது தெரியும். நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வர டிக்கெட் போட்டு ரத்தானது தெரியும். மகள் ஹம்னாவுக்குக் காது குத்திய அன்று அவன் அழுததும், அழவில்லை, ஜலதோஷம் என்று சொன்னதும் தெரியும். அந்தப் பிள்ளை எல்லோரையும் அதட்டி வேலை வாங்கும். அதனால் அவன் அவளை, ஹஜ் போய்வந்த பெரியவரைச் சொல்வதுபோல, "ஹாஜியார்" என்றுதான் கூப்பிடுவான். முஃபீதை அவன், இவன் என்று சொல்கிறேன். மன்னிக்கவும். பழக்கம்.

ஜாஹிரா பீவி அவனுக்கு அனுப்பிய பதில்களும் அதே கணக்கில் இருந்தன. அவற்றை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு பெண் தன் கணவனிடம் பேசுவதை அந்நியன் கேட்பது முறையல்ல. அவர் பதில் வரவேண்டிய இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். சில சமயம் நானே ஏதாவது சொல்வேன். பிறகு அவனுடைய அடுத்த குரலைப் போடுவேன். பெரும்பாலும் பொருத்தமாகவே இருக்கும்.

இயர்போனை மாட்டிக்கொண்டு நான் மாடியிலேயே இருப்பதைப் பார்த்து பாய் கேலி செய்வார்.

"ஏலே, மேல ஏறுனா எறங்க மாட்டேங்க. பேசாம அந்த மிஷினயே நிக்காஹ் பண்ணிக்கோ. நான் சாட்சிக் கையெழுத்துப் போடுதேன்."

"மாப்பிள்ள குடுக்குற மஹரா என்ன பாய் கேக்கும்?"

"ரெண்டு ஏசி கேக்கும். போன மாசம் கரண்டு பில்லப் பாத்தியாலே நீ?"

ஏசி போட்டும் மிஷின் கொதித்தது. குற்றால சீசன் வந்துவிட்டால் அறையில் ஈரமும் சேரும். கரண்டு வந்து வந்து போகும். மிஷின் ஒருநாள் நின்றுவிடும் என்று நான்தான் பாயிடம் சொன்னேன். சென்னையில் ஒரு சர்வர் வாடகைக்குப் பிடித்தோம். டேட்டாபேஸை அங்கே கொண்டுபோக வேண்டும். பழைய மிஷினை ஒரு மாதம் அப்படியே தொடாமல் வைத்திருந்து, எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று உறுதியான பிறகுதான் அழிக்க வேண்டும். இதுவும் நான் சொன்ன யோசனை.

புதிய சர்வரில் பாய் ஒரு வசதி சேர்க்கச் சொன்னார். தன் கோப்பை யார், எப்போது திறந்தார்கள் என்பதை வாடிக்கையாளர் தன் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

"ஜனங்க நம்மள நம்பணும்னா நாம எல்லாத்தயும் தொறந்து காட்டணும் பாலு. ஆரம்பத்துல இருந்து உள்ளது எல்லாம் தெரியணும். அப்பதான் அதுல ஒரு இது இருக்கும்."

நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். உண்மையிலேயே நல்ல யோசனை. யார் எதைத் திறந்தார்கள் என்பது டேட்டாபேஸில் முதல் நாளிலிருந்தே பதிவாகியிருந்தது. மற்றவர்கள் கணக்கில் ஒன்றும் இருக்காது. ஜாஹிரா பீவியின் கணக்கைத் திறந்தால் என் பெயர் பக்கம் பக்கமாக வரும்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

மாற்றுவதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை செய்ய வேண்டும். டீயை வைத்துவிட்டு வழக்கமான கணக்கை எடுத்தேன். விடியற்காலையில் மூன்று குரல்கள் புதிதாக வந்திருந்தன.

முதலாவது: "ஜாஹிரா, பதறாமக் கேளு. முதலாளி பாஸ்போர்ட்டத் தரமாட்டேங்கான். ஊருக்குப் போணும்னு கேட்டதுக்குக் கையை நீட்டிட்டான். ரூமுக்கு வெளிய பூட்டுப் போடுதான். நான் நல்லாத்தான் இருக்கேன். உம்மாட்ட இதச் சொல்லாத."

இரண்டாவதில் அவன் மெல்லப் பேசினான். விடிவதற்குள் ஒரு மலையாளத்துக்காரரோடு அங்கிருந்து கிளம்புவதாகச் சொன்னான். போகிற ஊரின் பெயரைச் சொன்னான். அங்கே யாருடைய ஒர்க்‌ஷாப்பில் இருப்பான் என்பதையும் சொன்னான். பிறகு: "போன இங்கனயே போட்டுட்டுப் போறேன். இருந்தா கண்டுபிடிச்சிருவானுவ. நாலு நாளுக்குள்ள நான் எப்படியாவது கூப்பிடுவேன். கூப்பிடலன்னா ஏதோ ஆயிப்போச்சுன்னு அர்த்தம். உடனே பரீது காக்காவப் பாரு. அவுக நம்பர் எங்கிட்ட இல்ல. இந்த ஊர் பேரச் சொல்லு, போதும். அவுகளுக்கு அந்தப் பக்கம் ஆள் உண்டு. வந்து என்னயத் தூக்கிருவாக."

மூன்றாவது மகளுக்கு: "ஹாஜியார், பல்லு விழுந்துட்டாம்லா? கூரைல எறிஞ்சியா, இல்ல பத்திரமா எடுத்து வச்சிருக்கியா? வாப்பா வந்துதான் பாக்கணும். வாரேன்."

மூன்றும் முழுதாக இருந்தன.

ஏன் உடனே யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். அது எனக்கு வந்த செய்தி அல்ல. ஜாஹிரா பீவிக்கு வந்தது. அவர் போனில் இருக்கிறது. அவர் கேட்பார், கேட்டுப் பாயிடம் சொல்வார். பாய் வீடு ஆபீசுக்கு அடுத்த தெருதான். நடுவில் நான் நுழைந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும்.

மதியம் இடமாற்றத்தைத் தொடங்கினேன். இடமாற்றம் நடப்பதால் அன்றைய துப்புரவை மட்டும் குறிப்பு எழுதி நிறுத்திவைத்தேன். ஜாஹிரா பீவியின் கணக்கை மட்டும் விட்டுவிட்டேன். அதனால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர் போனில் எல்லாம் இருக்கிறது. கணக்கு இல்லையென்று தெரிந்ததும் ஆப் அவர் போனிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக்கொள்ளும். என் பெயர் உள்ள பதிவு மட்டும் இல்லாமல் போகும். கணக்கைக் கொண்டுபோய், பதிவை மட்டும் விடுவதற்கும் வழி உண்டு. ஒரு மாலை நேர வேலை. அது கொஞ்சம் அலுப்பான வேலை.

நான் டேட்டாபேஸை மாற்றிக்கொண்டிருந்தபோது ஜாஹிரா பீவி ஐந்தருவியில் இருந்தார். அது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் மகளோடு வந்தார். பாயும் நானும் கீழே இருந்தோம்.

"அண்ணாச்சி, போனு அருவில போயிருச்சு. கவர் போட்டுத்தான் வச்சிருந்தேன். கூட்டத்துல ஒரு இடி. கவரோட போயிருச்சு."

பாய் சிரித்தார். "போனு போனா போவட்டும்மா. உள்ள இருந்தது நம்மட்ட இருக்குல்லா. இதுக்குத்தானே நாங்க கட போட்டு உக்காந்திருக்கோம். பாலு, எடுத்துக் குடு."

"மத்ததெல்லாம் மெதுவா வரட்டும் காக்கா. நேத்து விடியக்காலைல மச்சான் மூணு வாய்ஸ் போட்டிருந்தாக. அது மட்டும் இப்பக் கெடச்சாப் போதும். நேத்துல இருந்து அவுக போனு சுச்சாப்பு."

"வாய்ஸ நீ கேக்கலையா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "காயல்பட்டினத்துல இருந்து மச்சினி வீட்டாளுக எல்லாம் வந்திருந்தாங்க. அத்தன பேரு நடுவுல வச்சு எப்படிக் கேக்க? ராத்திரி எல்லாரும் படுத்த பொறவு கேப்போம்னு வச்சிருந்தேன்."

இங்கே பெண்கள் அப்படித்தான். கணவனின் குரலைப் பிறர் முன்னால் கேட்க மாட்டார்கள். வீடு அடங்கிய பிறகு காதோடு வைத்துக் கேட்பார்கள். பலர் நாள் முழுக்க அதற்காகக் காத்திருப்பார்கள். இது எனக்குத் தெரியும். முஃபீதே அதைச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கி வந்தேன்.

"மாத்தும்போது ஒரு கணக்கு வராம விட்டுப்போச்சு பாய். இவங்க கணக்குதான்."

"விட்டுப்போச்சா? பழைய மிஷின்ல கெடக்குமில்லா. அதுக்குத்தானே அத ஒரு மாசம் வச்சிருக்கோம்."

"பாக்குதேன் பாய்."

பார்த்தேன். இருந்தது. மூன்று குரல்களையும் எடுத்தேன். இன்னொரு முறை கேட்டேன். ஒரு குறையும் இல்லை.

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். கிடைத்துவிட்டது என்று கீழே போய்ச் சொன்னால் பாய் மேலே ஏறி வருவார். விட்டுப்போன கணக்கைத் தன் கண் முன்னால் புதிய சர்வரில் ஏற்றச் சொல்வார். என் பெயர் வரிசையாக வரும். ஆபீசில் கேட்கிறார்கள் என்ற பேச்சு தென்காசி முழுக்கப் போகும். எங்களை நம்பிய அத்தனை குடும்பங்களும் என்ன நினைக்கும்? பாய் இந்த வயதில் வேறு எந்தத் தொழிலுக்குப் போவார்? நான் என்னைப் பற்றி மட்டும் யோசித்தேன் என்று சொன்னால் அது சரியாகாது.

பழைய மிஷினின் டிஸ்கை அழித்தேன். கீழே வந்து டிஸ்க் போய்விட்டது என்றேன். பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆனால் நம்பினார். போகக்கூடிய டிஸ்க்தான். அதனால்தானே மாற்றினோம்.

"வேற வழியே இல்லையாலே?"

"மும்பைல துண்டு துண்டாக் கெடக்கும் பாய். எது எதுன்னு சொல்ல முடியாது."

ஜாஹிரா பீவிக்குத் துண்டு, டிஸ்க் எல்லாம் புரியவில்லை. "தேடிப் பாருங்க அண்ணாச்சி. எங்கனயாவது ஒட்டிக்கிட்டு இருக்கும்," என்றார். தேடுகிறேன் என்றேன்.

இருந்தது. முதல் குரலிலிருந்து கடைசிக் குரல் வரை எல்லாவற்றுக்கும் ஒரு நகல் பென் டிரைவில் என் சட்டைப் பையில் இருந்தது. நகல் இருக்கும்போது எதற்காகத் தினமும் மும்பையிலிருந்து எடுத்தாய் என்று கேட்பீர்கள். நகலைக் கேட்டால் அது சோதனை ஆகாது.

அந்த வாரம் அவர் தினமும் வந்தார். வாசல் பெஞ்சில் மகளை உட்காரவைத்துக்கொண்டு, நான் மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன். ஹம்னா பாயின் மேஜைக்குப் போய், "காக்கா, ஃபேனக் கூட்டி வைங்க, உம்மாக்கு வேர்க்குது," என்று அதட்டுவாள். பாய் எழுந்து கூட்டி வைப்பார். புதிய போனில் அதே நம்பர் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை அது அடிக்கும்போதும் ஜாஹிரா பீவி பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிடுவார். ஒன்றும் அவனுடையது இல்லை.

வியாழக்கிழமையோடு அவன் சொன்ன கெடு முடிந்தது. அப்படி ஒரு கெடு இருப்பது அவருக்குத் தெரியாது. அன்றும் மற்ற நாட்களைப் போலத்தான் இருந்துவிட்டுப் போனார். அதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. தெரிந்திருந்தால் அந்த நாளை எப்படித் தாங்கியிருப்பார்?

வெள்ளிக்கிழமையிலிருந்து நிலைமை மாறிவிட்டது. இனி கொடுத்தால், நேரத்தில் கிடைத்திருக்க வேண்டியது தாமதமாகக் கிடைத்தது என்று தெரிந்துபோகும். வாழ்நாள் முழுக்க அது அவரை அரிக்கும். அதுவரை கம்பெனிக்காகச் சொல்லாமல் இருந்தேன். அதன் பிறகு அவருக்காகச் சொல்லாமல் இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை துப்புரவு வழக்கம்போல ஓடியது. அதை நிறுத்திவைக்க ஒரு டிக்கை எடுத்துவிட்டால் போதும். எடுத்தால் எதற்காக எடுத்தேன் என்று குறிப்பு எழுத வேண்டும். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். உரிமையில்லாத துண்டுகள் அழிக்கப்பட்டன என்று ஒரே ஒரு வரி வந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

சீசன் முடிந்தது. தூதரகத்துக்கு எழுதினார்கள். முதலாளி, அவன் ஓடிப்போய்விட்டான் என்று அங்கே புகார் கொடுத்திருப்பதாகப் பதில் வந்தது. அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எங்கே என்று தேடுவது? அது பெரிய நாடு.

ஒருநாள் ஜாஹிரா பீவி பாயிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"மாமி வீட்ல என்ன சொல்லுதாக தெரியுமா காக்கா? நான்தான் நை நைன்னு ரூவா கேட்டு அவுகள வெரட்டிட்டேனாம். வேற எவளோ கூட இருக்காகளாம். அந்த மூணு வாய்ஸ்ல ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த தெரிஞ்சாக்கூட நான் தல நிமிந்து நிப்பேன்."

"அழாதம்மா. அவன் அப்படிப்பட்டவன் இல்ல."

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணும்ல?"

எனக்கும் அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று தெரியும். அவரைவிட நன்றாகவே தெரியும் என்று அப்போது நினைத்தேன். பொறுமையாக இருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

எப்படி மாட்டிக்கொண்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அன்று ஹம்னா உள்ளே வந்ததும், "இங்கன யாரு செருப்பக் குறுக்க போட்டது? எடுங்க," என்றாள். என் செருப்பு. நான் எழுந்துகொண்டே, "ஹாஜியார் சொல்லிட்டா எடுத்துத்தானே ஆவணும்," என்றேன்.

பாய் சிரித்தார். ஹம்னாவும் சிரித்தாள். ஜாஹிரா பீவி சிரிக்கவில்லை.

"அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"சும்மா வாயில வந்துச்சும்மா. பிள்ள அதட்டுதால்லா."

"அது அவுக மட்டுந்தான் கூப்பிடுவாக. வாய்ஸ்ல மட்டுந்தான். எங்க வீட்ல மத்த ஆளுகளுக்கே தெரியாது."

நான் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன். அவர் பாயைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

பாய் மும்பைக்காரர்களுக்கு எழுதினார். யார் எந்தத் துண்டை எடுக்கிறார்கள் என்று அவர்களும் தனியாகக் குறித்துவைப்பார்கள் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். ஒரே துண்டுகள் மூன்று வருடமாக என் லாகினில் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டிருந்தன. அத்தனையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அழிந்திருந்தன. டிஸ்க் போய்விட்டது என்று நான் சொன்ன திங்கட்கிழமை, அதற்குச் சற்று முன்பும் மூன்று குரல்களுக்கான துண்டுகளை எடுத்திருந்தேன். பாய் அந்தத் தாள்களை என் முன்னால் வைத்தார். கத்தவில்லை. ஏலே என்றுகூடச் சொல்லவில்லை.

"அங்கன எந்த மூலைலயும் எனக்கு ஆள் உண்டு பாலு. அவன் எங்கன இருக்கான்னு தெரிஞ்சிருந்தா ஒரு போன்ல முடிஞ்சிருக்கும். கேட்டியே, அவன் எங்கன போறேன்னு சொன்னானா?"

தெரியாது என்றேன். அது பொய். இங்கே அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் இலஞ்சி வீட்டுக்கு வருவதற்கு முன்னால் பென் டிரைவை உடைத்துச் சிற்றாற்றில் போட்டுவிட்டேன். ஆதாரத்தை அழித்ததாக எழுதியிருக்கிறீர்கள். என் நோக்கம் அது அல்ல. ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தால் மேஜையில் வைத்து, போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்பார்கள். ஒரு குடும்பத்தின் அந்தரங்கம். பாய் சொன்னதைப் போல, அது அமானிதம்.

எனவே அந்தக் குரல்கள் இப்போது எங்கும் இல்லை. எனக்குத்தான் மனப்பாடமாக இருக்கின்றன. அவன் எங்கே மூச்சு வாங்குவான், எங்கே குரலைத் தாழ்த்துவான் என்பது உட்பட. மூன்றாவதைச் சொல்லும்போது நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள். அவனைப் போலவே பேசினேன் என்று நினைக்கிறேன்.

முதலாவதையும் மூன்றாவதையும் முழுதாகச் சொல்லிவிட்டேன். இரண்டாவதில் ஊரின் பெயரையும் ஒர்க்‌ஷாப்காரரின் பெயரையும் நான் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனித்து, மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். மறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், மேடம். செய்ததை எல்லாம் ஒப்புக்கொண்டேன். கணக்கை விட்டது நான். டிஸ்கை அழித்தது நான். துப்புரவை ஓடவிட்டது நான். நான்கு நாளும் தெரிந்தே சும்மா இருந்தது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் இத்தனை மாதம் கழித்து ஒரு பெயரைக் கொடுத்து, அங்கே அவன் இருப்பான் என்று அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை ஊட்டுவது கொடுமை. அவனை நன்றாக அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அவன் என்னிடம்தான் அதைக் கடைசியாகச் சொன்னான். வேறு யாரும் அதைக் கேட்டதில்லை. ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும்.

வேல்விழி மேடம், நீங்கள்தான் ஜாஹிரா பீவியை உள்ளே வரச் சொல்லியிருப்பீர்கள். அவசியமில்லை. அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அண்ணாச்சி, உங்கமேல குடுத்த கேஸ வேணும்னாலும் திருப்பி வாங்கிக்கிடுதேன். அந்த ஊர் பேரு மட்டும் சொல்லுங்க. எங்கன போறேன்னு சொன்னாக?"